ஏழின் மேல்கோடு

தரமணி ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஐ.டி. கட்டடங்களின் ஜெனரேட்டர் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் சந்து ஒன்றில் நூர் முஹம்மது பாயின் பட்டறை இருந்தது. அதன் மொட்டை மாடியில் வெயில் காலத்தில் போர்டுகளைக் காயப்போடுவார்கள். கிராமத்துச் சாலை ஓரத்தில் கம்பத்தின் மேல் நின்றுகொண்டு, எதிரே வருகிற வண்டியின் வேகத்தை எண்ணில் காட்டுமே, அந்த போர்டு. நாற்பதுக்குள் வந்தால் எண் பச்சையில் எரியும், கீழே ‘நன்றி’ என்று வரும். தாண்டினால் சிவப்பு. அபராதம் கிடையாது, போட்டோ பிடிப்பது கிடையாது. நீ வருகிற வேகம் இது என்று உனக்கும் ஊருக்கும் தெரியச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்த வெட்கத்துக்கே பாதிப் பேர் பிரேக்கில் கால் வைத்துவிடுவார்கள் என்பார் பாய்.

மாடியில் காயும்போது எல்லா போர்டும் எண்பத்தெட்டு காட்டிக்கொண்டிருக்கும். எட்டு என்ற எண்ணில்தான் ஏழு கோடுகளும் எரியும். ஒன்று செத்தாலும் தெரிந்துவிடும். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வெயில். மணிக்கு ஒரு தரம் ஒருத்தி மாடியேறிப் பார்க்க வேண்டும். நாலு மணிவரை எல்லாக் கோடும் எரிந்தால் பெட்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு டிக். எந்தக் கோடாவது நடுவில் அணைந்தால் போர்டைக் குப்புறக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்ந்த போர்டு கீழே இறங்கி, செய்தவளிடமே திரும்பும்.

செய்தவள் யார் என்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். பெயர் எழுதினால் வியர்வையில் அழிகிறது என்று, வேலையை முடித்து மூடுகிறவள் தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை, ஓர் எண்ணின் ஏழு கோடுகள் பதித்த தட்டின் பின்புறம் ஒட்டிவிடுவாள். சுந்தரவல்லியுடையது பெரிய அரக்குப் பொட்டு. தாரணியுடையது கடுகளவு கருப்புப் பொட்டு.

இருவரும் ஓரகத்திகள். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரே வீட்டின் இரண்டு போர்ஷனில் குடியிருந்தார்கள். சுந்தரவல்லியின் புருஷன் கபாலி கச்சேரி ரோட்டு ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் தம்பி வெங்கடேஷ் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பேன்ட் துணி பிரிவில் நிற்கிறான். தாரணி அவன் பெண்டாட்டி. சுந்தரவல்லிக்கு நாற்பத்து மூன்று, பட்டறையில் ஒன்பது வருஷம். தாரணிக்கு இருபத்தேழு, பட்டறையில் ஒன்றரை வருஷம். கல்யாணத்துக்கு முன்பே ரிச்சி தெருவில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள் என்பதால், வந்த முதல் நாளே ஈயம் உருக்கி ஒட்டும் சால்ட்ரிங் அயர்னைப் பென்சில் மாதிரிப் பிடித்தாள். வேலை வாங்கிக் கொடுத்தவள் சுந்தரவல்லிதான். அதை அவள் பல தடவை நினைத்துப் பார்த்து, பல தடவை நொந்துகொண்டிருக்கிறாள்.

நொந்துகொள்ளக் காரணம் ஒன்றா இரண்டா. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் பட்டறையில் ஆறு கையும் தாரணி டப்பாவுக்குத்தான் போகும். பறக்கும் ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் தாரணிக்கு இடம் நகர்ந்து கொடுப்பார்கள். சுந்தரவல்லி இடதுகைக்காரி, ஈயத்தை ஊதி ஊதி, வயரை இடதுபக்கம் மடக்கி வைத்துப் பொறுமையாகச் செய்வாள். தாரணி அவளுக்கு முன்னால் முடித்துவிட்டு, “அக்கா, நீங்க மெதுவா பண்ணுங்க, நான் தட்ட தொடச்சி வெக்கிறேன்” என்பாள். அந்த ‘மெதுவா’ என்ற சொல்லை சுந்தரவல்லி வீடு வரைக்கும் கொண்டுபோவாள்.

ஆனால் உண்மையான சங்கதி ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது.

அன்று சாயங்காலம் பட்டறைக்குப் பின்சந்தில் புது போர்டு ஒன்றைச் சுவரில் சாய்த்து, பாய் தன் பழைய ஆம்னி வேனை ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 18, 23, 21 என்று வந்தது. பெண்கள் வாசலில் டீ டம்ளரோடு நின்றார்கள்.

“பாய், மனுஷன் ஓடினா காட்டுமா?” என்றாள் தாரணி.

“ஓடிப் பாரும்மா. ராடாருக்கு நீ வேற, லாரி வேறயா.”

அவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு சந்தின் கோடி வரை போனாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஓடி வந்தாள். போர்டில் 9, 12, பிறகு 14. பச்சை நிறத்தில் ‘நன்றி’. எல்லோரும் கை தட்டினார்கள். பாய் செல்போனில் எடுத்த படத்தில் தாரணியின் பின்னல் காற்றில் நிற்க, தலைக்கு மேல் 14 எரிந்தது. அன்றைக்கே அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் போயிற்று. டீ டம்ளர்களை வாங்கி அடுக்கியபடி பாய் சொன்னார்: “அடுத்த மாசத்துல இருந்து வெளியூர் போர்டு இருபதையும் மாசம் ஒரு தபா போய்ப் பாத்துட்டு வரணும். கூட ஒருத்தர் வேணும். வேல தெரிஞ்ச கை. வல்லியம்மா, இல்ல தாரணி. ரெண்டு பேருல யாருன்னு பாப்போம்.”

ஒன்பது வருஷத்தில் சுந்தரவல்லி எத்தனை போர்டு செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அவற்றில் ஒன்றுகூடக் கம்பத்தின் மேல் நின்று அவள் பார்த்ததில்லை. ஒரு பஸ் வருவதையும், அதன் எண் சிவப்பில் எரிவதையும், டிரைவர் அதைப் பார்த்து வேகம் குறைப்பதையும் அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாளே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. அவள் பார்த்த ஒரே எண் எண்பத்தெட்டு. பாய் அவள் பெயரை முதலில் சொன்னபோது நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது. ‘இல்ல தாரணி’ என்றதும் எல்லோருடைய கண்ணும் போன திசையைப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கபாலி லுங்கியோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கத்திரி தொடங்கி நாலு நாள். ஃபேன் அனலை அள்ளி வீசியது. சுந்தரவல்லி கத்தரிக்காய் போட்டுக் காரக்குழம்பு வைத்திருந்தாள். பக்கத்து போர்ஷனிலிருந்து ஒரு கிண்ணம் சென்னாகுன்னி வறுவல் வந்திருந்தது. இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். கிண்ணம் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும்.

“இது தாரணி அனுப்ச்சதா?” என்று கபாலி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “பொடி எறாவுல இன்னா டேஸ்ட்டு கொண்டாந்துகீது பாரு.”

“கொழம்பு ஊத்தட்டா?”

“இருக்கட்டும், இருக்கட்டும். இத வெச்சே துன்னுட்றேன்.”

சுந்தரவல்லி கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் வைத்து மூடினாள்.

“பாய் ஸ்டேட்டஸ் பாத்தியா?” என்றான் கபாலி. “பதினாலு கிலோமீட்டராமே. ஸ்டாண்டுல எல்லாருக்கும் காட்னேன். எந்தம்பி பொண்டாட்டின்னு சொன்னா நம்ப மாட்றானுங்க.”

“அதக் காட்டிக்கினுதான் சவாரிய வுட்டியா?”

“இன்னாடி இவ. வெளியூரு போற வேல அவளுக்குத்தானாமே?”

“யாரு சொன்னது?”

“வெங்கடேசு சொன்னான். சரியாத்தான் சொல்லிகீறாரு பாய். உனுக்கு வேன்ல ஏறுனாலே வாந்தி. நீ ஓடினா அந்த போர்டு ஒண்ணியும் காட்டாது. எதுக்கால எவளோ நின்னுகினு கீறான்னு கம்முனு கெடக்கும்.” தன் தமாஷுக்குத் தானே சிரித்து, கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தான்.

அவள் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் கிண்ணமாகக் கொடுக்கக் கூடாது என்று நாலு கத்தரிக்காயைப் போட்டுக் கொடுத்தாள். அதில் இரண்டு பூச்சிக் காய் என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மகளின் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் போக வேண்டியிருந்தது. பாதி முடித்த தட்டை மேசையில் விட்டுவிட்டுப் பதினொன்றரைக்கே சுந்தரவல்லி கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை மாடியில் வெயில் பார்க்கும் முறை அவளுடையது.

அன்று காய்ந்தவை நாலு போர்டு. அதில் ஒன்று மதுராந்தகம் தாண்டி அகரந்தாங்கல் என்ற ஊருக்குப் போக வேண்டியது. ஊர் நடுவே வளைவு, வளைவை ஒட்டி ரேஷன் கடை. பஸ்ஸும் மணல் லாரியும் அந்த வளைவில் கண்ணை மூடிக்கொண்டு வருவதாகப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்குகிற போர்டு அது.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. எல்லாம் சரி. இரண்டு மணிக்கு ஏறினபோது தளத்தில் கால் வைக்க முடியவில்லை. ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் நின்றாள். அகரந்தாங்கல் போர்டில் முதல் எட்டின் தலையைக் காணோம். மேல்கோடு அணைந்திருந்தது. அவள் குனிந்து பார்க்கும்போதே மினுக்கென்று ஒரு தரம் எரிந்து அணைந்தது. ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. வெயில் ஏறினால் விட்டுவிடும், தணிந்தால் ஒட்டிக்கொள்ளும்.

பின்பக்கத் தகட்டை நெம்பிப் பார்த்தாள். கருப்புப் பொட்டு.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பானேன். இந்தக் கையையா எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள் என்று நினைத்தாள். கவிழ்த்துவிட இரண்டு கையாலும் போர்டைப் பிடித்தாள்.

பிடித்தவள் அப்படியே நின்றாள். கவிழ்த்தால் என்ன ஆகும்? தட்டு தாரணியிடம் போகும். “அய்யோ, விட்டுட்டேனா, ஸாரிக்கா” என்பாள். ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடுவாள். பாய்க்குத் தெரியக்கூடத் தெரியாது. தெரிந்தாலும், பாரு என்ன வேகமாகச் சரி பண்ணிட்டா என்பார். கவிழ்க்காவிட்டால் தெரியும். கம்பத்தின் மேல் நின்று தெரியும்.

நாலு மணிக்கு வெயில் சாய்ந்தபோது எட்டுக்குத் தலை திரும்ப வந்திருந்தது. சுந்தரவல்லி நாலு பெட்டியிலும் டிக் போட்டாள். அகரந்தாங்கல் பெட்டியில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

போர்டு வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த பத்து நாளும் பாயின் போன் அடிக்கும்போதெல்லாம் அவள் அயர்னைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். எப்போது வரும் என்றும் இருந்தது, வராமலே போய்விடட்டும் என்றும் இருந்தது. தாரணி பக்கத்தில் உட்கார்ந்து, எதையோ பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

பதினோராவது நாள் திங்கட்கிழமை, பாய் செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அகரந்தாங்கல் பஞ்சாயத்து கிளார்க் அனுப்பிய வீடியோ. ஒரு டவுன் பஸ் புழுதி பறக்க வருகிறது. போர்டில் சிவப்பாக 12. பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம்.

“எழுவத்தி ரெண்டுல வர்றான்,” என்றார் பாய். “ஏழுக்கு மேல்கோடு இல்ல. கோடு இல்லாத ஏழு இன்னா ஆவும்? ஒண்ணு. மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் இதே கூத்தாம். ஊரே சிரிக்குதாம்மா. பொய் சொல்ற போர்டுக்கு எவன் பயப்படுவான்?”

பாய் போனை மேசையில் வைத்தார். “யாரு பொட்டு?”

“என்னுது, பாய்,” என்றாள் தாரணி. யோசிக்கக்கூட இல்லை. “அந்தத் தட்டு நான் மூடினது.”

“உன் கையிலயா? ரிச்சி ஸ்ட்ரீட் கையின்னு நான் ஊரெல்லாம் சொல்லினு இருக்கேன்.” பாய்க்குக் கத்தத் தெரியாது, குரல் இறங்கும். இறங்கியது. “வெயில் பாத்தது யாரு?”

“நான்தான் பாய்,” என்றாள் சுந்தரவல்லி. “நான் பாக்கும்போது நல்லாத்தான் எரிஞ்சிது.”

தாரணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வினாடிதான். பிறகு தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அன்று பாட்டு இல்லை.

சாயங்கால ரயிலில் இருவருக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. கதவோரம் நின்றார்கள். கஸ்தூரிபாய் நகரில் கூட்டம் ஏறி நெருக்கியது. இத்தனை நாள் எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது. அதை ருசிக்கலாம் என்று பார்த்தால் சுந்தரவல்லிக்கு வாய் கசந்தது.

“இன்னா, ஒண்ணும் பேசாம வர,” என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா. தலவலி.”

“பாய் சொன்னத மனசுல வெச்சிக்காத. எல்லாருக்கும் வர்றதுதான்.”

“ம்.”

“அவசரமா பண்ணா அப்பிடித்தான் ஆவும். கொஞ்சம் மெதுவா பண்ணு.”

தாரணி வெளியே பார்த்தாள். கீழே அடையாறு கருப்பாகக் கிடந்தது. “சரிக்கா. மெதுவா பண்றேன்,” என்றாள்.

புதன்கிழமை விடியும்போதே பாய் வேனோடு மயிலாப்பூருக்கு வந்துவிட்டார். “ரெண்டு பேரும் வாங்க. ஒருத்தர் ஏறட்டும், ஒருத்தர் ஏணி புடிக்கட்டும். தாரணி கையால கெட்டது, தாரணி கையாலயே சரியாவட்டும்.” சுந்தரவல்லி எலுமிச்சம்பழம் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள். செங்கல்பட்டு தாண்டும்வரை அதை முகர்ந்துகொண்டே வந்தாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் கபாலி ஜெயித்திருப்பான்.

அகரந்தாங்கலில் இறங்கும்போது பதினொன்றரை. வெயிலுக்கு ஊரே கதவைச் சாத்தியிருந்தது. வளைவுக்கு முன்னால் சாலையோரம் கம்பம், கம்பத்தின் மேல் போர்டு. சுந்தரவல்லி நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மாடித் தளத்தில் படுத்துக் கிடக்கும்போது பெரிதாகத் தெரிந்தது, இங்கே வானத்தின் நடுவே ஒரு சிலேட்டு மாதிரி இருந்தது.

எதிரே கீற்றுக்கொட்டகையில் டீக்கடை. கடைக்கார அம்மாள் பெயர் சரோஜாதேவி என்று கிளார்க் சொல்லியிருந்தார். வீடியோவில் சிரித்தது அவள் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

“நீங்கதான் போர்டுகாரங்களா?” என்றாள் அவள், டீயை ஆற்றியபடியே. “வெச்ச மொத நாலு நாளு நல்லாத்தான் இருந்திச்சி. லாரிக்காரன்லாம் எட்டி எட்டிப் பாத்துட்டுப் பையப் போனான். எங்க ஊரு பசங்க சைக்கிள்ல போயி எவ்ளோ வருதுன்னு பாத்துக்கினு கெடந்தானுங்க. அப்புறம் இது பன்னெண்டு, பதிமூணுன்னு ஒளற ஆரம்பிச்சிது. இப்ப லாரிக்காரனுங்க பத்துதான் காட்ட வெக்கிறேன் பாருன்னு பந்தயம் கட்டிக்கினு வர்றானுங்க.”

“சரி பண்ணத்தான் வந்திருக்கோம்மா,” என்றார் பாய்.

“பண்ணுங்க. அதால என் ஆட்டுக்கு இன்னா வந்துது?” அவள் கரண்டியால் கொட்டகை ஓரத்தைக் காட்டினாள். ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. பின்னங்காலில் மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றியிருந்தது. “முந்தாநாளு. எழுவதுக்கு மேல வந்திருக்கான் மணல் லாரிக்காரன். கேட்டா, போர்டப் பாரு, பதினாறுல வந்தேன்னு சொல்லிட்டுப் போறான். ஆடாப் போச்சி. ரேஷன் அன்னிக்கி வரிசைல நிக்கிறது பூரா பொம்பளைங்க.”

ஆடு தலையைத் தூக்கி சுந்தரவல்லியைப் பார்த்தது. அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டாள்.

ஏணியைச் சாய்த்ததும் தாரணி துப்பட்டாவை முடிந்தாள். “நீ இரு, நான் ஏறுறேன்,” என்றாள் சுந்தரவல்லி.

“வேணாங்கா, ஒசரம். நீங்க புடிங்க.”

“ஒன்பது வருஷமா செய்யறேன். ஒண்ண மேலருந்து பாக்கறேன் வுடு.”

காரணம் அது மட்டுமில்லை. ஆட்டைப் பார்த்த பிறகும் அவளுக்குள் ஒரு மூலையில் அந்த ஆசை இருந்தது: தாரணியின் குறையைத் தன் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டுப் படி ஏறினாள். இடுப்பில் கயிற்றைக் கம்பத்தோடு சுற்றிக்கொண்டாள். திருகாணி நாலையும் கழற்றித் தகட்டை எடுத்தாள். உள்ளேயிருந்து அடுப்புக் காற்று முகத்தில் அடித்தது. கருப்புப் பொட்டு வெயிலில் சுருங்கி ஒட்டிக்கிடந்தது.

முதல் எண்ணின் மேல்கோடு. வயர் வந்து சேரும் இடத்தில் ஈயம் சாம்பல் பூத்திருந்தது. விரல் நகத்தால் தட்டினாள், ஆடியது. இதுதான். மற்ற இணைப்புகளையும் பார்த்தாள். கீழே இருந்த நாலு இணைப்பும் பளபளவென்று, வயர் வலது பக்கம் மடங்கி, அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. மேலே இருந்த மூன்றில் வயர் இடது பக்கம் மடங்கியிருந்தது.

பட்டறையில் ஆறு பெண்கள். இடதுகைக்காரி ஒருத்திதான்.

தாலுகா ஆபீஸுக்குப் போன திங்கட்கிழமை. பாதியில் விட்ட தட்டு. மூடுகிறவள் பொட்டு வைக்க வேண்டும் என்பது முறை. மூன்று இணைப்பு செய்துவிட்டுத்தான் அன்று எழுந்தாள். மூன்றாவதை ஈயம் ஆறுவதற்குள் கையை எடுத்தாள், மணி பதினொன்றரை ஆகிவிட்டதென்று. இவ்வளவும் அவளுக்கு ஏணியின் எட்டாவது படியில் நின்றபோது வரிசையாக நினைவுக்கு வந்தது.

குனிந்து பார்த்தாள். தாரணி இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் வேன் பேட்டரியிலிருந்து அயர்னுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார், பத்தடி தள்ளி.

“உனுக்குத் தெரியுமா?” என்றாள் சுந்தரவல்லி, மெல்ல.

“தெரியும்கா,” என்றாள் தாரணி.

“எப்போ?”

“பாய் வீடியோ காட்டும்போதே. அது உங்க தட்டு. மேல மூணு நீங்க போட்டது, கீழ நாலு நான் போட்டது.”

“அப்புறம் ஏன் உன்னுதுன்ன?”

“சொன்னா பாய் உங்கள ஃபீல்டுக்குக் கூப்பிடமாட்டாரு. நீங்க எவ்ளோ ஆசப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள் தாரணி. “நான் சின்னவ, அடுத்த தபா போய்க்குவேன். வுடுங்க. ஒட்டிட்டு எறங்குங்க.”

சுந்தரவல்லிக்கு ஏணி ஆடியது போல் இருந்தது. இடம் விட்டுக்கொடுத்து, வறுவல் கொடுத்து, இப்போது பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு இவள் எனக்குப் பிச்சை போடுகிறாள் என்று தோன்றியது. இதிலும் முந்திவிட்டாள். இந்தப் பெருமையை மட்டும் அவளுக்கு விடக் கூடாது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நல்ல எண்ணம் என்று அவளைப் பேசவைத்தது எதுவுமில்லை.

“பாய்,” என்று கூப்பிட்டாள். பாய் வயரோடு வந்தார். “இது என் கை. தாரணி கை இல்ல.”

“பொட்டு அவளுதுதானேம்மா?”

“மூடினது அவ. ஒட்டினது நான். எடது பக்கம் மடங்கி கீது பாருங்க.” நிறுத்தினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிரே கொட்டகையில் ஆடு கத்தியது. “மாடியிலயே பாத்தேன், பாய். ரெண்டு மணிக்கு மேல்கோடு அணைஞ்சிது. பாத்துட்டுத்தான் டிக் போட்டேன்.”

பாய் புரியாமல் நின்றார். “பாத்துட்டா? ஏம்மா?”

“அதுல அவ பொட்டு இருந்திச்சி.”

ஏணியைப் பிடித்திருந்த கைகள் விட்டுப்போனதை சுந்தரவல்லி மேலிருந்தே உணர்ந்தாள். தாரணி திரும்பி நடந்து, புளியமரத்து நிழலில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாய் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அயர்ன் சூடேறியதும் அதை மேலே நீட்டினார்.

பழைய ஈயத்தை உருக்கி வழித்துவிட்டு, புது ஈயம் வைத்தாள். இந்த முறை முப்பது எண்ணும்வரை கையை எடுக்கவில்லை. மற்ற இரண்டையும் அதே மாதிரி செய்தாள். தன் நெற்றியிலிருந்த அரக்குப் பொட்டைப் பிய்த்து, கருப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கருப்பை எடுக்கத் தோன்றவில்லை; கீழே நாலு அவளுடையதுதானே. மூடிவிட்டு இறங்கினாள்.

“ஃபீல்டு வேல தாரணிக்குத்தான்,” என்றார் பாய், ஏணியை மடக்கியபடி. “உனக்குத் தெரியும், இல்ல?”

“தெரியும் பாய்.”

“இனிமே மாடியில வெயில் பாக்க உன்ன அனுப்ப எனக்கு மனசு வராது.”

“சரி பாய்.”

போர்டு ஒன்றும் காட்டாமல் கருப்பாக இருந்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வண்டி வர வேண்டும். சாலை கானல் நெளிய வெறிச்சென்று கிடந்தது. பஸ் ஒன்றேகாலுக்கு என்றாள் டீக்கடை சரோஜாதேவி. பாய் வேனைக் கிளப்பப் போனார். ஆம்னி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பேட்டரி அயர்னுக்கே போய்விட்டது.

“யாராச்சும் நடந்து காட்டுங்களேன்மா,” என்றார், பானெட்டைத் திறந்தபடி.

தாரணி அசையவில்லை.

சுந்தரவல்லி செருப்பைக் கழற்றினாள். தார் சுட்டது. சாலையில் ஐம்பது அடி நடந்து போய்ப் புளியமரத்துக்கு நேராக, தாரணியைப் பார்க்காமல் நின்றாள். புடவைக் கொசுவத்தை அள்ளி இடுப்பில் செருகினாள். முந்தானையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது, விட்டுவிட்டாள்.

ஓடினாள். பத்து வயசில் ஓடியதற்குப் பிறகு ஓடியதே இல்லை. மார்பும் வயிறும் குலுங்க, கொண்டை அவிழ, வாயைத் திறந்துகொண்டு ஓடினாள். டீக்கடை அம்மாள் பாலை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தாள். போர்டில் 7. இரண்டாவது எண்ணாக வந்த ஏழு அது. தலை நேராக நின்றது. 9. 11. 12. கீழே பச்சையில் ‘நன்றி’.

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “எவ்ளோ?” என்றாள் யாரிடமும் இல்லாமல்.

புளியமரத்தடியிலிருந்து பதில் வந்தது, போர்டைப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்ட முகத்திலிருந்து: “பன்னெண்டு.”

பிறகு அதே திசையிலிருந்து: “நேத்து இந்த போர்டுல அத எழுவத்தி ரெண்டுன்னு சொல்லிக்கினு இருக்கலாம்.”

பாய் பானெட்டுக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சுந்தரவல்லி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மரத்தடியைப் பார்த்தாள்.

“முதல் எண்ணோட மேல்கோடு இன்னும் எரியல. இருவது, எழுவதுன்னு வந்தாத்தான் தெரியும். பஸ் வர்ற வரைக்கும் இருந்து பாக்கணும்,” என்றாள்.

“இருங்க.”

“அன்னிக்கி உனுக்கு எவ்ளோ வந்துது?”

“பதினாலு.”

சுந்தரவல்லி செருகலை இறுக்கிக்கொண்டு, சுடுகிற தாரில் மறுபடியும் புளியமரத்தை நோக்கி நடந்தாள்.